லா சப்பலின் பேசாப் பாதிரியார்

ரேமண்ட் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டுதான் உட்காருவார். மெட்ரோவிலும் அப்படித்தான், டாக்டரிடம் காத்திருக்கும்போதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முழு ஒரு மணி நேரமும் அந்த இருப்பு மாறாது. எழுந்திருக்கும்போது விரல்கள் ரத்தம் செத்து வெளுத்துப் போயிருக்கும். அறையில் ஹீட்டர் சரியில்லை, மனுஷனுக்குக் குளிர்கிறது என்று வருகிறவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கம்பளிக் கையுறை பின்னிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் வாங்கிப் போட்டுக்கொண்டார். போட்ட கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

அது குளிருக்காக இல்லை என்று அவர் மனைவி தெரேஸுக்கு மட்டும் தெரியும்.

இருவருக்கும் ஊர் புதுச்சேரி. ரேமண்டின் அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட ஆள். அதனால் மகன் பதினெட்டு வயதில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார். ஊரில் அப்படிப் போனவர்களைச் சொல்தா என்பார்கள். சொல்தாவுக்குப் பெண் கொடுக்க வீடுகள் போட்டி போடும். தெரேஸ் ஆறாவதோடு பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கல்யாணம் பண்ணிப் பாரிசுக்கு வந்த பிறகு பாஷையும் தெரியாமல் போகவே, பார்த்துக்கொண்டே இருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

அவள் பார்த்தது அவர் கைகளைத்தான். ஆப்பிரிக்காவில் ஒரு சோதனைச் சாவடியில், லாரியிலிருந்து இறங்கச் சுணங்கிய கிளீனர் ஒருவனை அவர் துப்பாக்கிக் கட்டையால் முகத்தில் அடித்திருந்தார். விழுந்த பிறகும் அடித்தார். கூட இருந்த சிப்பாய்கள் இழுத்துப் போட்டபோது அந்த ஆளுக்கு முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இதை அவர் தெரேஸிடம் ஒரே ஒரு தடவை, பல் பிடுங்கிய கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். பட்டாளத்தை விட்டு வந்து பார்சல் கிடங்கு ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்தபின் அந்தக் கைகளுக்கு வீட்டில்தான் வேலை. பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் பக்கத்து இரண்டு அறை வீட்டில் உடையாத கதவு இல்லை. ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள் என்பதற்காக தெரேஸைத் தூக்கிக் கழுவுதொட்டி விளிம்பில் அடித்தார். தோள்பட்டைக்கு முன்னால் இருக்கும் எலும்பு சத்தத்தோடு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸின் பெயர் மரி-கிளேர். குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்றாள் தெரேஸ். மரி-கிளேர் தலையை ஆட்டிவிட்டு, வாசலில் நின்ற ரேமண்டின் விரல் முட்டிகளைப் பார்த்தாள். அன்று மாலை தெரேஸைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ரேமண்ட் தேடி வந்து கதவை உதைத்தபோது மரி-கிளேர் உள்ளே இருந்தபடியே சொன்னாள்: கதவு திறக்காது; ஞாயிறு காலை நாங்கள் உட்காரும் இடத்துக்கு வாருங்கள்; அங்கே தெரேஸ் இருப்பாள்; யாரும் உங்களை எதுவும் கேட்க மாட்டார்கள்.

மனைவியை முடியைப் பிடித்து இழுத்துவரத்தான் அவர் போனார். அங்கே இருபது பேர் வட்டமாக நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பூசை இல்லை, பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை. தடுக்க ஒருவரும் எழவில்லை, பயப்படவும் இல்லை. அடிக்க வந்தவருக்கு அங்கே அடிக்க ஆள் அகப்படவில்லை. கடைசியில் ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தார். கைகள் துடித்தன. அவற்றை எடுத்துத் தொடைக்கு அடியில் போட்டு அழுத்தினார். எதிரே, கட்டுப் போட்ட தோளோடு உட்கார்ந்திருந்த தெரேஸ் அதைப் பார்த்தாள்.

அவர்கள் குவேக்கர்கள். தங்களை நண்பர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். ஒவ்வொரு மனிதனுக்குள்ளும் கடவுளின் வெளிச்சம் கொஞ்சம் இருக்கிறது, அதன்மேல் கை ஓங்கக் கூடாது என்பது அவர்கள் நம்பிக்கை. ரேமண்ட் வாரம் தவறாமல் போனார். தெரேஸ் குளிர்காலம் முடியும்வரை மரி-கிளேர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அதற்குப் பிறகு அவர் அவளை அடித்ததில்லை. அவள் மன்னித்துவிட்டாள் என்று யாரும் சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தமிழில் ஒரு கூட்டம் வேண்டும் என்று சில வருஷம் கழித்து ரேமண்டுக்குத் தோன்றியது. ஸ்டேஷனுக்குப் பின்னால், மூடிப்போன தையற்கடை ஒன்றின் உள்ளறை கிடைத்தது. வந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஜூலையில் பிரெஞ்சுத் தேசிய தினத்துக்கு வாணவேடிக்கை வெடித்தால் கட்டிலுக்கடியில் போய்ப் படுக்கிறவர்கள், சத்தம் என்றாலே உடம்பு நடுங்குகிறவர்கள். அவர்களுக்கு அந்த அறை பிடித்திருந்தது. குவேக்கர்களுக்குக் குருமார் கிடையாது; ஆனாலும் யார் பேச்சுக்கு எடை இருக்கிறதோ அவரை ஊழியர் என்று மதிக்கும் வழக்கம் உண்டு. ரேமண்ட் அப்படி ஆனார்.

கூட்டத்துக்கு முறை ஒன்றுதான். யாருக்காவது உள்ளே ஒரு வார்த்தை எழும்பினால் எழுந்து சொல்லலாம். சொன்னதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, கேள்வியும் கேட்கக் கூடாது. அந்த வார்த்தையை மௌனத்தில் இறங்க விட்டுவிட வேண்டும். கடைசியில் ரேமண்ட் பக்கத்திலிருப்பவரின் கையைப் பற்றிக் குலுக்குவார். அதோடு கூட்டம் முடிந்தது, தேநீர்.

ஒரு ஞாயிறு, நட்ட நடு மௌனத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் உள்ளே விழுந்தான். மணிக்கட்டு பாதி அறுந்து தோலில் தொங்கியது. நாற்காலிகள்மேல் ரத்தம் சிதறியது. தெருவில் அந்தக் காலத்தில் கோஷ்டிச் சண்டை. கோட்டுக்குள் வாள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பின்னாலேயே இரண்டு பேர் வாளோடு வந்தார்கள். ரேமண்ட் எழுந்து போய் வாசற்படியில் உட்கார்ந்தார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு.

“பெரியவர், எழும்புங்கோ. உங்களோட எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை” என்றான் ஒருவன்.

“எனக்கும் இல்லப்பா. வா, உக்காரு.”

“விசரன் மாதிரிக் கதைக்காதை, எழும்பு!” என்று மற்றவன் வாளை இறக்கினான். அது தோளில் பாய்ந்து எலும்பில் நின்றது. ரேமண்ட் எழவில்லை. இழுத்து எடுத்த வாளைப் பார்த்துக்கொண்டே வெட்டியவன், “வாடா, இவர் எழும்பமாட்டார்” என்று கூட்டாளியை இழுத்துக்கொண்டு ஓடினான். எல்லோரும் அவர் தோளைப் பார்த்தார்கள். தெரேஸ் தொடையைப் பார்த்தாள். அடியில் சிக்கிய கைகளின் மேல் அது குதிரை உடம்புபோல உதறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்துதான் லா சப்பலில் அவருக்குப் பேசாப் பாதிரியார் என்று பெயர்.

பத்து வருஷம்போல அந்த அறை நிறைந்து கிடந்தது. அப்புறம் காற்று மாறியது. பாரிசை ஒட்டிய பொபினியிலும் ஸ்தேனிலும் பழைய கிடங்குகளைப் பிடித்துப் புதுச் சபைகள் கிளம்பின. டிரம்ஸ், கீபோர்டு, கைதட்டு, கண்ணீர், சாட்சி. கோவிலுக்குப் போனவர்களும் மாதா தேவாலயத்துக்குப் போனவர்களும் குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். நல்லதும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. முதியோர் இல்லத்தில் தாதி வேலை பார்த்த துஷ்யந்தியின் புருஷன் அங்கே போய்த்தான் குடியை நிறுத்தினான். அவளும் மௌன அறையை விட்டு அங்கே போனாள்.

பொபினிச் சபையின் பாஸ்டர் நீக்கிலாஸ் முன்பு இந்த அறைக்கு வந்துகொண்டிருந்தவன்தான். மளிகைச் சாமான் வேன் ஓட்டியவன். போகும்போது சொல்லிவிட்டே போனான்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. இப்பிடிச் சும்மா குந்தியிருக்கிறதெண்டால் நான் டிராஃபிக்கிலயே குந்தியிருப்பன். கர்த்தர் தூரத்தில இருக்கிறார், சத்தம் போட்டுத்தான் கூப்பிடவேணும்.”

“கூப்பிடுப்பா. வந்தார்னா எங்க அட்ரசையும் குடு” என்றார் ரேமண்ட்.

நீக்கிலாஸ் சிரித்துக்கொண்டே போனான். கடைசியில் அறையில் ஆறேழு பேர் மிஞ்சினார்கள். அவர்களில் ஒருத்தி ஷிரோமி, கையுறை பின்னிக் கொடுத்தவள். முப்பது வயதைத் தாண்டியவள். புருஷன் பிலிப் ரெஸ்டாரண்ட் ஒன்றில் பாத்திரம் கழுவி, காய்கறி வெட்டி, சமையல்காரனாக ஏறியவன். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் உயிராக இருந்தார்கள். ஞாயிறுதோறும் அவன் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போவான்.

ஒரு மாசி மாதக் காலை, ஷிரோமி எழுந்து நின்றாள். அதற்குமுன் அவள் கூட்டத்தில் வாய் திறந்ததில்லை.

“ஒரு குரல் என்னோட கதைக்குது” என்றாள். “எந்த நேரமும் கதைக்குது. சாப்பிடாதை எண்டு சொல்லுது. தண்ணியும் குடியாதை எண்டு சொல்லுது. நான் கேட்டு நடக்கிறன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அசையவில்லை. வார்த்தையை மௌனத்தில் இறங்க விட்டார்கள். உள்ளேயிருந்து பேசும் குரலுக்காகத்தான் அவர்கள் இத்தனை வருஷம் காத்திருந்தது. இந்தச் சின்னப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது என்று ரேமண்டின் கண் கலங்கியது. தெரேஸ் ஷிரோமியின் உதடுகளைப் பார்த்தாள். தோல் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. தேநீர் கொடுத்தபோது அவள் கையை நீட்டவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியில் தெரேஸ் கேட்டாள்.

“என்னங்க, அவ உதடப் பாத்தீங்களா?”

“நோன்பு இருக்கறா.”

“நோன்புக்குத் தண்ணி கூடவா குடிக்க மாட்டாங்க? ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்.”

“கேக்கக் கூடாது தெரேஸ். கூட்டத்துல வந்த வார்த்தையக் கிளறினா, அடுத்தாப்புல யாரும் வாயத் தொறக்க மாட்டாங்க. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அடுத்தடுத்த வாரங்களிலும் ஷிரோமி எழுந்து சொன்னாள். குரல் அவளைத் தூங்கவிடுவதில்லை. கண்ணாடியைத் திருப்பி வைக்கச் சொல்லியது. ஒவ்வொரு தடவையும் அவர்கள் மரியாதையோடு மௌனமாக இருந்தார்கள். பிறகு ஒரு ஞாயிறு அவள் எழுந்து, “அடி எண்டு சொல்லுது” என்றாள். சொன்ன மாத்திரத்தில் தன் கன்னத்தில் தானே அறைந்தாள். இரண்டு கையாலும், மாறி மாறி, எலும்பில் படுகிற சத்தத்தோடு. மூக்கில் ரத்தம் கொட்டியது. நிறுத்தவில்லை. சுற்றி இருந்தவர்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். தெரேஸ் பாதி எழுந்தாள். ரேமண்ட் அவளைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையை அசைத்தார். அவள் உட்கார்ந்துவிட்டாள். அடித்து அடித்துக் கை ஓய்ந்து ஷிரோமி தரையில் சரிந்த பிறகுதான் ரேமண்ட் பக்கத்து ஆளின் கையைக் குலுக்கினார். தெரேஸ் ஓடிப்போய் அவள் முகத்தைத் துடைத்தாள்.

கூட்டிப்போக வந்த பிலிப் வாசலிலேயே நின்றுவிட்டான். ஷிரோமியின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“ஆர் அடிச்சது?”

“அவளேதான் அடிச்சுக்கிட்டா” என்றாள் தெரேஸ்.

“உங்கட கண்ணுக்கு முன்னாலயோ? நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“அவளோட இருந்தோம் பிலிப்” என்றார் ரேமண்ட்.

“இருந்தனீங்களோ? இந்தக் கதிரையும்தான் இருந்தது!” பிலிப் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கால் முறிந்து தெறித்தது. “வீட்டில சாப்பிடுறாளில்லை, நித்திரை கொள்றாளில்லை. நீங்கள் பெரியாக்கள், ஒரு வழி சொல்லுவியள் எண்டு நம்பிக் கொண்டந்து விட்டன். நீக்கிலாஸ் அப்பவே சொன்னவன், இது பேய்தான் எண்டு. நான்தான் கேக்கேல்லை.”

அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு மௌனத்தில் உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. துஷ்யந்தி. பொபினியிலிருந்து ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கியது. மௌனம் என்று அவள் பார்க்கவில்லை.

“அக்கா, ஷிரோமியை மூண்டு நாளா சபை ஹோலுக்குள்ள வச்சிருக்கினம். பேய் போகுதில்லையெண்டு பெல்ட்டால அடிக்கினம். கண்ணுக்குள்ள மிளகாய்த்தண்ணி. நேற்று வரைக்கும் கத்தினவள். இண்டைக்குக் கத்துறாளில்லை.”

“நீ போலீசுக்குச் சொன்னியா?” என்று தெரேஸ் கேட்டாள்.

“என்ர மனுசனும் அங்கைதான் அக்கா நிக்கிறார்… எனக்குப் பயமாக் கிடக்கு.”

தெரேஸ் போனை எடுத்துப் போலீசுக்கு அடித்து, தெரிந்த பிரெஞ்சில் விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆளை அனுப்புகிறோம், கொஞ்சம் நேரமாகும் என்றார்கள். ரேமண்ட் அதற்குள் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தார். அன்று கூட்டத்தை முடிக்க யாரும் கை குலுக்கவில்லை.

மூவரும் மெட்ரோவில் ஏறினார்கள். ரேமண்ட் கைகளின் மேல் உட்கார்ந்திருந்தார். தெரேஸுக்கு இரண்டு பயம். போய்ச் சேர்வதற்குள் ஷிரோமி செத்துவிடுவாளோ என்பது ஒன்று. மற்றது அந்தக் கைகள்.

கிடங்குக்கு வெளியேவே டிரம்ஸ் கேட்டது. உள்ளே ஐம்பது அறுபது பேர் கை தூக்கி அலறிக்கொண்டிருந்தார்கள். நடுவில், பிளாஸ்டிக் விரிப்பின்மேல், கணுக்காலையும் மணிக்கட்டையும் துப்பட்டாவால் கட்டி ஷிரோமியைப் போட்டிருந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டிக் கறுத்திருந்தது. பிலிப் பெல்ட்டை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொண்டு அவளை அடித்தான். குழந்தைபோல விம்மி விம்மி அழுதுகொண்டே அடித்தான். நீக்கிலாஸ் அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தாடையைப் பிடித்து வாயைத் திறந்து எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தான்.

“உன்ர பேரைச் சொல்லு! ஆரெண்டு சொல்லிப்போட்டுப் போ!”

ரேமண்ட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய், “விடுங்க, அவளுக்கு நோவு, டாக்டர் வேணும்” என்றார். யாருக்கும் கேட்கவில்லை. நீக்கிலாஸின் முழங்காலைத் தோளால் தள்ளிவிட்டு, ஷிரோமியின்மேல் குப்புறக் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். இரண்டு கைகளையும் தன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துக்கொண்டார். பெல்ட் அவர் முதுகில் இறங்கியது.

“பாருங்கோ, ஊமைப் பேயும் துணைக்கு வந்திட்டுது!” என்று நீக்கிலாஸ் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் கத்தினான். “அடியுங்கோ! இரண்டையும் சேர்த்துக் கலையுங்கோ!”

பெல்ட் மட்டுமில்லை, காலும் வந்தது. ஒருவன் ஷூவோடு விலாவில் உதைத்தான். இன்னொருவன் மைக் ஸ்டாண்டின் இரும்பு அடியால் முதுகில் இடித்தான். ரேமண்ட் முனகினார், அசையவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் பிடித்து நிறுத்தப்பட்டிருந்த தெரேஸுக்கு, அவர் தோளுக்குக் கீழே ஷிரோமியின் முகம் தெரிந்தது. உதடு நீலமாகியிருந்தது. மூக்கோரத்தில் எண்ணெய்க் குமிழி ஒன்று, ஊதாமல் உடையாமல் அப்படியே நின்றது.

“மூச்சு இல்லைங்க!” என்று தெரேஸ் கத்தினாள்.

நீக்கிலாஸ் ரேமண்டின் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கி, மறு கையால் எண்ணெய்ப் புட்டியை மறுபடி ஷிரோமியின் வாய்க்குக் கொண்டுபோனான்.

ரேமண்டின் கைகள் வெளியே வந்தன.

முதல் குத்து நீக்கிலாஸின் தாடையில் விழுந்தது. புட்டி பறந்தது. மைக்கில் எலும்பு உடையும் சத்தம் கிடங்கு முழுக்கக் கேட்டது, டிரம்ஸ் நின்றது. நீக்கிலாஸ் மல்லாந்தான். அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து ரேமண்ட் முகத்தில் குத்தினார். இடது, வலது, இடது. அறுபது வயதைத் தாண்டிய உடம்பில் இருபது வயதுச் சொல்தா எழுந்து வந்துவிட்டான். இழுக்க வந்தவனை முழங்கையால் அடித்துப் பல்லைக் கொட்டவைத்தார். நீக்கிலாஸின் கண் இருந்த இடத்தில் ரத்தக் குழம்பு. கையை உயர்த்தி, “அண்ணை… அண்ணை…” என்றான். ரேமண்டுக்கு அது காதில் ஏறவில்லை.

ரேமண்டின் அந்த முகத்தைத் தெரேஸ் கழுவுதொட்டிக்கு மேலே ஒருமுறை பார்த்திருக்கிறாள். கையைப் பிடித்தால் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் நிற்காது. பிடித்திருந்தவர்களை உதறிவிட்டு இரும்புக்கால் நாற்காலி ஒன்றை எடுத்தாள். தோள் எலும்பு பொருந்திய இடம் இழுத்து வலித்தது. தலைக்கு மேலே தூக்கி, புருஷனின் பின்மண்டையில் போட்டாள்.

ரேமண்ட் நீக்கிலாஸின்மேலேயே சாய்ந்தார்.

துஷ்யந்தி அதற்குள் ஷிரோமியைப் புரட்டி வாயிலிருந்த எண்ணெயை விரலால் வழித்துவிட்டு, நெஞ்சில் இரு கையையும் வைத்து அழுத்தத் தொடங்கியிருந்தாள். “கட்டை அவிழுங்கோ! நிண்டு பாக்காதேங்கோ, அவிழுங்கோ!” என்று அவள் கத்த, அவள் புருஷன்தான் முதலில் குனிந்தான். பிலிப் பெல்ட்டைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றபடியே இருந்தான். போலீசும் பொம்பியே என்கிற தீயணைப்புப் படையின் ஆம்புலன்சும் வந்தபோது, அழுத்திய நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு கரகரப்பு வந்தது. பிறகு இருமல்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த ரேமண்ட் முதலில் ஷிரோமியைக் கேட்டார்.

“மூச்சு வருது. மெஷின்ல வச்சிருக்காங்க” என்றாள் தெரேஸ்.

“நீக்கிலாஸ்?”

“பொழச்சுக்குவான். ஒரு கண்ணு போயிடுச்சு.”

பின்மண்டைக் கட்டைத் தடவிப் பார்த்தார்.

“என்னை அடிச்சது யாரு?”

“நான்தான்.”

“நல்ல வேளை” என்றார்.

வழக்கு பொபினி நீதிமன்றத்தில் நடந்தது. நீக்கிலாசுக்கும் பிலிப்புக்கும் சிறை. ரேமண்டின் பேரிலும் வழக்கு இருந்தது. அவருக்கு வாய்த்த வக்கீல், அங்கே அவோக்கா என்பார்கள், கெட்டிக்காரப் பெண். ஷிரோமியின் உயிரைக் காப்பாற்றத்தான் அடித்தேன் என்ற ஒரு வாக்கியத்தைத் தவிர வேறெதுவும் சொல்லாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாள். ரேமண்ட் எழுந்து நின்று சொன்னது வேறு.

“முதல் குத்து அவளுக்காக. அதோட அவன் கையிலேருந்த புட்டி விழுந்துடுச்சு. மிச்சமெல்லாம் எனக்காக அடிச்சது. அடிக்க நல்லா இருந்துச்சு.”

அவோக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். தண்டனை கொடுத்து, வயதைப் பார்த்து உள்ளே அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள்.

பிரெஞ்சுக் குவேக்கர் நண்பர்கள் அவரைக் கைவிடவில்லை. தள்ளாத வயதிலும் மரி-கிளேர் கைத்தடியோடு லா சப்பல் அறைக்கு வந்து, நீங்கள் ஊழியராகத் தொடர வேண்டும், அடித்ததை எங்களால் புரிந்துகொள்ள முடிகிறது என்றாள். மிஞ்சியிருந்த ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். ரேமண்ட் எழுந்து நின்றார்.

“அடிச்சதுக்காக நான் விலகலை. அது என் பழைய வியாதி, அதை நானே பாத்துக்கறேன். அந்தப் பொண்ணு இங்க வந்து நின்னு, தண்ணி குடிக்காதேன்னு ஒரு குரல் சொல்லுதுன்னு சொன்னா. நாம எல்லாரும் கண்ண மூடிக்கிட்டோம். பிலிப் பெல்ட்ட எடுத்தான், நாம முறைய எடுத்தோம். தெரேஸ் எழுந்தா. நான்தான் உக்கார வச்சேன்.”

வழக்கப்படி மௌனமாக இருந்தார்கள். அப்போது தெரேஸ் எழுந்தாள். அத்தனை வருஷத்தில் அவள் கூட்டத்தில் பேசியதில்லை.

“நானும் உக்காந்துட்டேன்” என்றாள். “அவர் தலைய ஆட்டினா நான் ஏன் உக்காரணும்?”

அதையும் மௌனத்தில் இறங்க விட்டார்கள். ரேமண்ட் கடைசியாக ஒருமுறை பக்கத்து ஆளின் கையைக் குலுக்கினார்.

இதெல்லாம் நடந்து ஏழு வருஷம் ஆகிறது. தையற்கடை உள்ளறையில் இப்போது போன் பழுதுபார்க்கிறார்கள். தமிழில் மௌனக் கூட்டம் எங்கேயும் நடக்கவில்லை. பொபினிக் கிடங்கைக் காலி செய்த சபை வேறு பாஸ்டரோடு ஸ்தேனில் கூடுகிறது, கூட்டம் குறையவில்லை. மரி-கிளேர் இறந்துவிட்டாள். பிலிப் சிறையிலிருந்து வந்து லியோன் பக்கம் எங்கோ சமையல் வேலையில் இருக்கிறான், ஷிரோமியைப் பார்க்க அவனுக்கு அனுமதி இல்லை. அவளுக்கு இருந்தது மனநோய் என்று டாக்டர்கள் சொன்னார்கள். மாதம் ஒரு ஊசி போட்டுக்கொள்கிறாள், ஸ்தேனில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரு வீட்டில் இருக்கிறாள். குரல் முழுக்கப் போகவில்லை, தூரத்தில் கேட்கிறது என்கிறாள். ரேமண்டுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஞாயிறு பிரெஞ்சுக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் சாதாரண ஆளாக உட்கார்ந்துவிட்டு வருகிறார், ஊழியர் இல்லை. தெரேஸ் அவரோடு கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்த நேரத்தில் அவள் பஸ் பிடித்து ஸ்தேனுக்குப் போய் ஷிரோமியோடு இருந்துவிட்டு, மாலையில் வீட்டுக்கு வருகிறாள்.